எக்ஸிபிட்டர்: கண்காட்சியாளர் அல்லர், கொட்டகைக்காரர்

பழைய அமெரிக்க சினிமாவைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும், ஆவணப்படங்களுக்குப் போடும் தமிழ் வரிகளிலும் 'கண்காட்சியாளர்' என்று ஒருவர் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறார். 'பேசும்படம் வந்ததும் சிறுநகரக் கண்காட்சியாளர்கள் கலங்கினர்', 'கண்காட்சியாளர்களின் விமர்சனங்கள் ஹாலிவுட்டை மாற்றின' என்றெல்லாம் எழுதுகிறார்கள். தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் இதைப் படித்தால் பொருட்காட்சித் திடலில் கடை எடுத்தவரைத்தான் நினைப்பார். சொல்லப்பட்டவரோ ஊரில் இருந்த ஒரே சினிமா கொட்டகையை நடத்தியவர். மூலத்தில் இருப்பது எக்ஸிபிட்டர் என்ற தொழிற்சொல். அகராதியில் எக்ஸிபிஷனுக்கு எதிரே கண்காட்சி என்று இருப்பதைப் பார்த்து, 'ஆளர்' ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்ததால் வந்த வினை இது.

சொல்லின் பிறப்பு எளியது. லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'ஹாபேரே' என்றால் வைத்திருத்தல், பிடித்திருத்தல். இரண்டும் சேர்ந்த 'எக்ஸிபேரே' வெளியே நீட்டிக் காட்டுவதைக் குறித்தது. ஒரே வேரிலிருந்து ஆங்கிலத்தில் மூன்று கிளைகள் போயின. நீதிமன்றத்தில் அது சான்றுப்பொருள், சந்தைத் திடலில் கண்காட்சி, சினிமாத் தொழிலில் காசு வாங்கிக்கொண்டு படம் ஓட்டுவது. நீதிமன்றச் சான்றுப்பொருளை யாரும் கண்காட்சி என்று எழுதுவதில்லை. அங்கே காட்டும் கவனத்தைச் சினிமாவுக்கு மட்டும் காட்ட மறுப்பது ஏன்?

கண்காட்சியில் பொருள் ஓரிடத்தில் நிற்கும், பார்ப்பவர் நடப்பார். கொட்டகையில் பார்ப்பவர் உட்கார்ந்திருப்பார், படம் ஓடும். கண்காட்சியில் கடை வைப்பவர் தன் சரக்கைக் காட்டுகிறார். கொட்டகைக்காரர் காட்டுவது பிறர் சரக்கு. அதை வாடகைக்கு எடுத்து, குறித்த நாளில் ஓட்டி, பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். தயாரிப்பாளர், விநியோகஸ்தர், எக்ஸிபிட்டர் என்ற மூன்று படிகளில் ஜனத்தை முகத்துக்கு முகம் பார்ப்பவர் மூன்றாமவர் ஒருவரே. இந்த வேறுபாடு 'கண்காட்சியாளர்' என்ற சொல்லில் அடியோடு தொலைந்துபோகிறது.

இவரை இவருடைய தொழிலுக்குள் வைத்துப் பார்த்தால்தான் எந்தச் சொல் பொருந்தும் என்று தெரியும். அமெரிக்காவில் மார்ட்டின் குவிக்லி நடத்திய தொழில் வார இதழ் ஒன்று உண்டு. முதலில் எக்ஸிபிட்டர்ஸ் ஹெரால்டு, 1931 முதல் மோஷன் பிக்சர் ஹெரால்டு. பேசாப்படக் காலத்திலேயே தொடங்கி அதில் நெடுநாள் வந்த பகுதி, 'வாட் த பிக்சர் டிட் ஃபார் மீ'. எழுதியவர்கள் பத்திரிகையாளர்கள் இல்லை, சின்ன ஊர்க் கொட்டகைக்காரர்கள். ஒரு படத்தை ஓட்டி முடித்ததும் நாலைந்து வரியில் நிலவரம் எழுதி அனுப்புவார்கள். படத்தின் பெயர், நடித்தவர், கம்பெனி, ஓட்டிய தேதி, எத்தனை நிமிடம், கொட்டகை, ஊர், மாநிலம், எப்படிப்பட்ட ஜனம் வரும் இடம் என்ற விவரங்கள் கூடவே இருக்கும்.

ஏன் எழுதினார்கள் என்பதற்கு விடை வியாபார முறையில் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் படங்களைக் கட்டாகத்தான் கொடுத்தன. ஓரிரண்டு நட்சத்திரப் படங்கள் வேண்டுமென்றால் அந்த ஆண்டின் பட்டியல் முழுவதுக்கும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பல படங்கள் அப்போது எடுக்கப்படக்கூட இல்லை. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரிய படக் கம்பெனிகள் மேல் அரசு போட்ட பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை இந்தக் கட்டு முறையின் பிடி முழுதாக விடவில்லை. சின்ன ஊருக்குப் படம் வரும் முறையும் கடைசி. பெரிய நகரத்தில் ஓடி, அடுத்த நகரத்தில் ஓடி, தவணை தீர்ந்த பிறகுதான் பெட்டி இங்கே வரும். ஆகவே முன்னால் ஓட்டிய ஊர்க்காரர் எழுதிய நாலு வரி பின்னால் ஓட்டப்போகிறவருக்குக் கைவிளக்கு. ஒப்பந்தத்தை உதற முடியாவிட்டாலும், எந்தக் கிழமையில் போடுவது, விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிப்பது, கூட எந்தச் சிறுபடத்தைச் சேர்ப்பது என்றாவது தீர்மானிக்கலாம்.

வாரத்துக்கு இரண்டு மூன்று படம் மாற்றும் ஊர்களில் ஒரு படத்தின் ஆயுள் இரண்டு நாள். முதல் நாள் கூட்டம் நட்சத்திரத்துக்கும் நோட்டீசுக்கும் வந்த கூட்டம். இரண்டாம் நாள் வசூல்தான் படத்தின் மதிப்பு, முதல் நாள் பார்த்தவர்கள் வெளியே போய்ச் சொன்னதற்கு வந்த பலன் அது. சனிக்கிழமை பண்ணைக் குடும்பங்கள் டவுனுக்குச் சாமான் வாங்க வரும் நாள் என்பதால் குதிரைவீரர் (கௌபாய்) படம் போடுவார்கள். மழை, சேறான சாலை, அறுவடை, பள்ளிக்கூட விழா எல்லாம் கணக்கில் வரும். இவற்றைக் கழித்துவிட்டுப் படத்தின் தரத்தைச் சொல்வதுதான் கைத்தேர்ச்சி. படவாடகை, பேசும்படமானால் ஒலிக்கென்று தனியாக வாங்கிய கட்டணம், பெட்டி வந்துபோகும் கூலி, நோட்டீஸ் செலவு இத்தனையும் போய்க் கல்லாவில் என்ன நின்றது என்பதே இவர் தீர்ப்பின் அடிப்படை. நல்ல படம், பணம் வரவில்லை என்று ஒரே மூச்சில் இவரால் எழுத முடியும். அதில் முரண் எதுவும் இல்லை.

பேசும்படம் வந்தபோது இந்தத் தீர்ப்பில் இன்னொன்றும் புகுந்தது. வைட்டாஃபோன் முறையில் ஒலி ஃபிலிமில் இல்லை, தனி இசைத்தட்டில் இருந்தது. 16 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, 1,000 அடி ரீலுக்கு ஒரு தட்டு, ஓட்டம் சுமார் 11 நிமிடம். முள் தட்டின் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் போகும். ஃபிலிமில் குறியிட்ட படச்சட்டத்தைப் புரொஜெக்டர் வாயிலில் நிறுத்தி, தட்டில் அம்புக்குறி போட்ட இடத்தில் முள்ளை வைத்து இரண்டையும் ஒன்றாகக் கிளப்ப வேண்டும். நொடிக்கு 24 படச்சட்டம். ஃபிலிம் அறுந்து ஆபரேட்டர் 12 சட்டத்தை வெட்டி ஒட்டிவிட்டால், அந்த ரீல் முடியும்வரை உதடும் குரலும் அரை நொடி தள்ளித் தள்ளியே போகும். வெட்டிய அளவுக்குக் கறுப்புச் சட்டம் சேர்த்து ஒட்டினால்தான் தப்பலாம். ஒவ்வொரு தட்டுக்கும் புது முள் போட வேண்டும். தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளில் கட்டம் போட்டிருக்கும், ஒவ்வொரு முறை ஓட்டியதும் ஒன்றை அடிக்க வேண்டும், சுமார் 20 ஓட்டத்தோடு தட்டு கழிவு. கடைசி வரிசையில் இருந்த சின்ன ஊருக்குத் தேய்ந்த தட்டும் ஒட்டுப்போட்ட ஃபிலிமும் வந்துசேர்ந்தால் குற்றம் யாருடையது?

அதனால்தான் அந்நாளைய நிலவரங்களில் கதையைப் பற்றிப் பேசும்போதே ஒலிப்பதிவு தெளிவா, தட்டு நல்ல நிலையில் வந்ததா என்பதும் வருகிறது. ஃபிலிமிலேயே ஒலி பதியும் முறை வந்த பிறகு தட்டுத் தொல்லை ஒழிந்தது. ஆனால் ஃபிலிமில் பதிந்த ஒலியைப் படிக்க வெளிச்சம் பாய்ச்சும் ஒலிவிளக்கு மங்கினால் குரல் கம்மும், ஃபிலிம் வளையத்தை ஒன்றிரண்டு சட்டம் கூட்டி மாட்டினால் மறுபடி உதடு பிசகும். எதிரொலி அடிக்கும் பழைய நாடகசாலையில் உட்கார்ந்து கேட்பவருக்கு வேகமான மேடைப் பேச்சுப் படமோ, இங்கிலாந்து உச்சரிப்புப் படமோ புரியாது. புரியாத படத்தை மோசமான படம் என்று ஜனம் சொல்லும், கொட்டகைக்காரர் அதையே எழுதுவார். இதை 'விமர்சனம்' என்று தமிழாக்குவது இரண்டாவது பிழை. விமர்சகர் சொல்வது படத்தைப் பற்றி. இவர் சொல்வது இந்த இயந்திரத்தில், இந்த ஊரில், இந்தக் கிழமையில் படம் என்ன ஆயிற்று என்பதை. அது நிலவரம், அல்லது தகவல்.

இனி மாற்றுச் சொற்கள். 'திரையரங்கு உரிமையாளர்' என்பது கண்காட்சியாளரை விட நூறு மடங்கு மேல், தமிழ்ப் பத்திரிகைகளில் நிலைத்தும் விட்டது. ஆனால் அது கட்டடத்துக்குச் சொந்தக்காரரைச் சொல்கிறது. எக்ஸிபிட்டர் குத்தகைக்கு எடுத்தவராக இருக்கலாம், முதலாளி வேறெங்கோ இருக்கப் படம் பிடித்து ஓட்டும் மேனேஜராக இருக்கலாம், சக்கரத்தில் இயந்திரத்தை ஏற்றி ஊர் ஊராகப் போகிறவராகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னவருக்கு அரங்கமே கிடையாது. தொழிலைக் குறிக்க வேண்டிய இடத்தில் சொத்தைக் குறிப்பது சரியில்லை.

'காட்சிப்படுத்துநர்' என்பதைச் சிலர் முன்வைக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் சிலைகளை ஒழுங்கு செய்கிறவருக்கு வைத்துக்கொள்ளலாம். 'படங்காட்டுபவர்' என்பதில் தவறில்லை, ஆனால் 'சும்மா படம் காட்டாதே' என்ற பேச்சு வழக்கு அதை முந்திக்கொண்டு வந்து நிற்கிறது, கட்டுரையில் வாசகர் இடறுவார். 'திரையிடுநர்' இவற்றில் நன்றாகக் கட்டிய சொல். திரையிடல் எல்லோருக்கும் தெரிந்தது, இயக்குநர், ஓட்டுநர் போல 'நர்' விகுதியும் இயல்பாகச் சேர்கிறது. (இதையும் 'திரையிடுனர்' என்று எழுத ஒரு கூட்டம் காத்திருக்கிறது. விகுதி 'நர்', றன்னகரத்துக்கு அங்கே வேலையில்லை.) திரையிடுவது என்றால் பழைய தமிழில் மறைப்பது அல்லவா என்று கேட்பவருக்கு, அந்தப் பொருள் இன்றைய சினிமா வழக்கில் யாரையும் குழப்புவதில்லை என்பதே பதில். திரைப்பட விழா நடத்துகிறவருக்கும், சட்ட வாசகத்துக்கும், ஒப்பந்தத்துக்கும் திரையிடுநர் பொருந்தும். குறை ஒன்றுதான். விழாவில் இலவசமாக ஓட்டுபவரும் திரையிடுநர், கல்லாவை நம்பிப் பிழைப்பவரும் திரையிடுநர். நாம் பேசுகிறவர் இரண்டாமவர்.

அவருக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: கொட்டகைக்காரர். கொட்டில், கொட்டம், கொட்டகை ஒரே குடும்பத்துச் சொற்கள். சாய்ப்புக் கூரை போட்ட இடம், மாட்டுத் தொழுவம், பந்தல் என்று தொடங்கி, நாடகக் கொட்டகை வழியாகச் சினிமா கொட்டகைக்கு வந்தது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் கூடாரத்தோடு ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கி, 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். கீற்றிலிருந்து செங்கல்லுக்கு மாறியபோதும் ஜனம் சொல்லை மாற்றவில்லை. 1931 அக்டோபரில் காளிதாஸ் வந்து படம் தமிழ் பேசிய பிறகு கட்டடத்தின் பலகையில் 'டாக்கீஸ்' என்று எழுதினார்கள், வாயில் வந்தது கொட்டகைதான். ஆகவே அமெரிக்காவில் இருந்தது செங்கல் கட்டடம், அதைக் கொட்டகை என்பது இழிவு என்ற மறுப்பு நிற்காது.

'காரர்' என்ற விகுதிதான் இங்கே பெரிய வேலை செய்கிறது. கடைக்காரர் என்றால் கடை அவருக்குச் சொந்தமா வாடகையா என்று யாரும் கேட்பதில்லை. அன்றாடம் அதைத் திறந்து நடத்துகிறவர், லாப நட்டத்துக்குப் பதில் சொல்கிறவர் என்பது பொருள். உரிமையாளர் என்ற சொல் கோட்டைவிட்டதை இந்த விகுதி தானாகவே பிடித்துக்கொள்கிறது. 'காரர்' வடமொழி உறவு, விலக்க வேண்டும் என்று தூய தமிழ் அன்பர்கள் சொல்வார்கள். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் பால்காரர், வண்டிக்காரர், வீட்டுக்காரர் என்று நாள் முழுவதும் புழங்கும் விகுதியை இந்த ஓரிடத்தில் தள்ளிவைத்துவிட்டு, அந்த இடத்தில் கண்காட்சியாளரை உட்கார வைத்தால் தூய்மையும் வராது, பொருளும் போகும். தூய்மைக்காகத் தெளிவைக் கொடுக்கலாம் என்று ஒருபோதும் ஒப்பமாட்டேன். அப்படி விலக்கித்தான் ஆக வேண்டுமென்றால் திரையிடுநர் இருக்கிறது.

ஒரு சொல் பிசகினால் அக்கம்பக்கத்துச் சொற்களும் பிசகுகின்றன. 'பேட்ரனேஜ்' என்பதைச் 'சிறுநகரப் புரவலர்கள்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். பத்து சென்ட், பதினைந்து சென்ட் கொடுத்து உள்ளே வந்த பண்ணையாட்களும் அவர்கள் பிள்ளைகளும் புரவலர்களா? அது கொட்டகைக்கு வரும் ஜனம். 'ஹவுஸ்' வீடு ஆகிறது, 'பிரிண்ட்' அச்சு ஆகிறது, 'டிரா' வரைதல் ஆகிறது. 'ஹவுஸ்' அரங்கு அல்லது கூட்டம், 'பிரிண்ட்' படத்தின் படி, 'டிரா' கூட்டம் இழுப்பது. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், நல்லது. அதை மூடிவிட்டு ஒரு பழைய ஆபரேட்டரிடமோ விநியோக ஆபீஸில் பெட்டி அனுப்பியவரிடமோ ஒரு நிமிடம் கேட்டிருந்தால் இத்தனைக்கும் அவர் வாயிலேயே சொல் இருந்திருக்கும்.

அந்தப் பகுதியின் தலைப்பையே 'படம் எனக்கு என்ன செய்தது' என்று எழுதுகிறார்கள். தமிழில் அப்படிக் கேட்டால் படம் ஏதோ கெடுதல் செய்துவிட்டதுபோலத் தொனிக்கும். கொட்டகைக்காரர் கேட்பது 'இந்தப் படத்தால் எனக்கு என்ன கிடைத்தது' என்று. அவருடைய நிலவரத்தின் கீழே, ஊர் மாநிலத்துக்குப் பக்கத்தில், தன் ஜனத்தை அடையாளம் சொல்லும் ஒரு சின்னக் குறிப்பு வழக்கமாக வரும். 'சிறுநகர மற்றும் ஊரகப் புரவலர் ஆதரவு' என்பதை அடித்துவிட்டு, 'சின்ன ஊர், சுற்றுப்பட்டுக் கிராம ஜனம்' என்று அதைத் திருத்தி எழுத வேண்டும்.