இரண்டும் இரண்டும் நான்கு

கோலாலம்பூர் பிறந்ததே வெள்ளீயத்தால்தான். 1857இல் கிள்ளான் வட்டாரத் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகில் வந்து, கோம்பாக் ஆறு கலக்கும் இடத்தில் இறங்கி, அம்பாங் பக்கம் காட்டுக்குள் நடந்தார்கள். அவர்கள் தேடிப் போனது கசிட்டரைட் என்ற தாது. அது வெள்ளீயமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த பொருள். சன்வேயிலும் ஸ்ரீ கெம்பாங்கானிலும் இன்று நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் ஏரிகள் அந்தக் காலத்து ஈயக் குட்டைகள்.

பினாங்கின் கதை வேறு. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் வந்த பிறகு அந்தத் தீவுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் சிலிக்கான். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் ‘பேக்டரி’யில் ஷிப்ட் பார்த்த அக்காவோ சித்தியோ ஒருவராவது இருப்பார்.

இந்த இரண்டு தனிமங்களும் தனிம அட்டவணையில் ஒரே நெடுவரிசையில் இருக்கின்றன. மேலிருந்து கீழாகக் கார்பன், சிலிக்கான், ஜெர்மேனியம், வெள்ளீயம், காரீயம். ஐந்துக்குமே கடைசிக் கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். படிவம் 4 டியூஷனில் இதைச் சொன்னால் விவரமான பிள்ளை ஒன்று கண்டிப்பாகக் கேட்கும்: “கடைசிக் கூட்டில் இருப்பதுதான் குணத்தைத் தீர்மானிக்கும் என்றீர்களே சார், அப்புறம் ஏன் வைரம் வைரமாக இருக்கிறது, வெள்ளீயம் உலோகமாக இருக்கிறது?”

நல்ல கேள்வி. பாடநூலில் இதற்குப் பதில் கிடைக்காது, ஏனென்றால் பாடநூல் எலக்ட்ரான்களை எண்ணுவதோடு நின்றுவிடுகிறது.

பள்ளியில் சொல்லித்தருவது 1913இல் நீல்ஸ் போர் வரைந்த படத்தின் எளிய வடிவம். நடுவில் அணுக்கரு, சுற்றிலும் வட்டவட்டமாகக் கூடுகள். மலாய்ப் பாடநூலில் ‘பெத்தாலா’ என்று வருவது இதுதான். முதல் கூட்டில் 2, அடுத்ததில் 8, அதற்கடுத்ததிலும் 8. சிலிக்கான் 2.8.4, கால்சியம் 2.8.8.2. இருபதாவது தனிமமான கால்சியத்தோடு இந்தக் கணக்கு முடிந்துவிடும். 21ஆவதான ஸ்கேண்டியத்துக்கு இதே விதியைப் போட்டால் விடை தப்பு. மூன்றாவது கூட்டில் உண்மையில் 18 எலக்ட்ரான்களுக்கு இடம் உண்டு. எட்டு நிரம்பியதும் அடுத்த இரண்டு எலக்ட்ரான்கள் நான்காவது கூட்டுக்குத் தாவுகின்றன, அப்புறம்தான் மூன்றாவது கூட்டின் மீதி இடங்கள் நிரம்புகின்றன.

ஏன் இந்தத் தாவல்? கூடு என்பது ஒரே அறை கிடையாது. அதற்குள் எஸ், பி, டி, எஃப் என்று உள்மட்டங்கள் உண்டு. எஸ் மட்டத்தில் 2 எலக்ட்ரான்கள், பியில் 6, டியில் 10, எஃப்பில் 14. இந்த உள்மட்டங்களுக்குள் இருக்கும் தனித்தனி இடங்களுக்கு ஆர்பிட்டால் என்று பெயர். ஒரு ஆர்பிட்டாலில் இரண்டுக்கு மேல் நுழைய முடியாது என்ற தடையை 1925இல் வுல்ஃப்காங் பாலி வகுத்தார். அடுத்த ஆண்டே ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்து, எலக்ட்ரான் வட்டப்பாதையில் ஓடுகிறது என்ற படத்தைக் கலைத்துவிட்டது. ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரானை எங்கே எந்த அளவுக்கு எதிர்பார்க்கலாம் என்று காட்டும் ஒரு பரவல், ஒரு மேகம்.

இந்த மேகங்களில் எஸ் மட்டும் தனி ரகம். மற்றவற்றுக்கு அணுக்கருவின் மேல் இடமே இல்லை. எஸ் மேகத்தின் ஒரு பகுதியோ எப்போதும் அணுக்கரு வரை நீண்டிருக்கும். அங்கே நேர்மின் இழுப்பு அதிகம் என்பதால் எஸ் எலக்ட்ரானின் ஆற்றல் இறங்கிவிடும். பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 3டிக்கு (மூன்றாவது கூட்டின் டி மட்டத்துக்கு) முன்னால் 4எஸ் (நான்காவது கூட்டின் எஸ்) நிரம்புவது இதனால்தான். இந்தக் கட்டுரைக்கு வேண்டியதும் இந்த ஒரு விஷயம்தான்.

சரி, நம் நெடுவரிசைக்கு வருவோம். சிலிக்கானுக்கு 2.8.4 என்றால் வெள்ளீயத்துக்கு 2.8.18.18.4. இரண்டிலும் அந்தக் கடைசி நான்கு, ஒரே மாதிரியான நான்கு இல்லை. இரண்டு எஸ், இரண்டு பி. எஸ் ஜோடி அணுக்கருவிடம் ஒட்டிக்கொண்டு வசதியாக இருக்கிறது. நான்கு பக்கமும் நான்கு சமமான பிணைப்புகள் வேண்டுமென்றால், அந்த ஜோடியைப் பிரித்து ஒன்றை மேலே பி மட்டத்துக்கு ஏற்ற வேண்டும். இதற்கு ஆற்றல் செலவாகும். கடைக்குப் போடும் முதல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பிணைப்புகளில் கிடைக்கும் ஆற்றல் அதைவிட அதிகமாக இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

கார்பனுக்கு நன்றாகவே கட்டுப்படியாகிறது. அணு சிறியது. வைரத்தில் இரண்டு கார்பன்களுக்கு நடுவே 154 பிக்கோமீட்டர்தான், பிணைப்பு இறுக்கம். சிலிக்கானில் இந்தத் தூரம் 235 ஆகிறது. அதே வைர அமைப்பில் வெள்ளீயத்தை வைத்தால் 281. தூரம் கூடக்கூடப் பிணைப்பு தளர்கிறது, வரவு குறைகிறது, ஏற்றும் செலவு மட்டும் பெரிதாகக் குறைவதில்லை. அதனால் வெள்ளீயம் சில சேர்மங்களில் நான்கையும் கொடுக்கிறது, சிலவற்றில் பி எலக்ட்ரான்கள் இரண்டை மட்டும் கொடுத்துவிட்டு எஸ் ஜோடியைக் கையிலேயே வைத்துக்கொள்கிறது. அம்பாங் காட்டுத் தாதுவில் கொடுத்தது நான்கு. சில பற்பசைகளில் சேர்க்கும் ஸ்டேனஸ் ஃபுளோரைடில் இரண்டுதான்.

மின்கடத்தலும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. கோடானுகோடி அணுக்கள் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கும்போது பிணைப்பு மட்டங்கள் சேர்ந்து ஒரு பட்டையாகின்றன. நான்கு எலக்ட்ரான்களும் பிணைப்பில் இருந்தால் அந்தப் பட்டை முழுக்க நிரம்பிவிடும், நகர இடம் இருக்காது. மேலே இன்னொரு பட்டை காலியாக இருக்கும், நடுவில் ஓர் ஆற்றல் இடைவெளி. வைரத்தில் அது 5.5 எலக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியால் அவ்வளவு உயரம் தூக்க முடியாது, அதனால் ஒளி அப்படியே ஊடுருவிப் போகிறது, வைரம் கண்ணாடி போல் தெளிவாகத் தெரிகிறது. சிலிக்கானில் 1.1தான். ஒளி மாட்டிக்கொள்கிறது, சிலிக்கான் வில்லை சாம்பல் நிறத்தில் பளபளக்கிறது. ஜெர்மேனியத்தில் சுமார் 0.67.

அந்த 1.1 என்ற எண்ணில்தான் பாயான் லெப்பாஸின் பிழைப்பே இருக்கிறது. அறை வெப்பத்தில் தூய சிலிக்கானில் சுமார் 5 டிரில்லியன் அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான்தான் மேல் பட்டைக்குத் தாவியிருக்கும். அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இப்போது 10 மில்லியன் சிலிக்கான் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் பாஸ்பரஸைச் சேருங்கள். அது 2.8.5. நான்கு பிணைப்புக்குப் போக மிஞ்சிய ஐந்தாவது எலக்ட்ரான் எளிதாகக் கழன்றுவிடும். ஓடும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 500,000 மடங்கு கூடிவிட்டன! போரானைச் சேர்த்தால், அது 2.3 என்பதால், ஓர் எலக்ட்ரான் குறைந்து காலியிடம் விழும், அந்தக் காலியிடம் நகரும். இந்த இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளையாடுவதுதான் டிரான்சிஸ்டர்.

வெள்ளீயத்தில் இடைவெளி ஏறக்குறைய பூஜ்யம். அதுகூட 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது வைர அமைப்பில் இருக்கும்போதுதான். சாம்பல் வெள்ளீயம் என்ற அந்த வடிவம் நொறுங்கிப் பொடியாகிவிடும். 13 டிகிரிக்கு மேலே அணுக்கள் நெருங்கி அமர்ந்து, நான்கு பிணைப்பு ஒழுங்கைக் கைவிட்டு, எலக்ட்ரான்களைப் பொதுவில் விடுகின்றன. நமக்குத் தெரிந்த வெள்ளை உலோகம் அதுதான். கோலாலம்பூர் வெயிலில் சாம்பல் வடிவத்துக்கு வேலையே இல்லை.

பிணைப்பு தளர்வு என்பதற்கு உருகுநிலையும் சாட்சி. சிலிக்கான் உருக 1,414 டிகிரி வேண்டும், வெள்ளீயத்துக்கு 232 போதும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும் என்று பாட்டிமார் மிரட்டுவது இதற்குத்தான். பேக்டரிக்கு இது வரப்பிரசாதம். சிப்பைப் பலகையில் பற்றவைக்கும் கலவைகளில் ஒன்று 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 விழுக்காடு வெள்ளி, 0.5 விழுக்காடு செம்பு. 220 டிகிரிக்குள் உருகிவிடும். பலகை முழுவதும் சூளைக்குள் போய் வரும், சிலிக்கானுக்கு ஒன்றும் ஆகாது.

நெடுவரிசையின் அடியில் காரீயம், 2.8.18.32.18.4. இங்கே எஸ் ஜோடியின் பிடிவாதம் எல்லை மீறுகிறது. அணுக்கருவில் 82 புரோட்டான்கள். அந்த இழுப்பில் மிக உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை எட்டுகின்றன. ஐன்ஸ்டைனின் சார்பியல் கணக்குக்குள் வந்தே ஆக வேண்டும். அணுக்கரு வரை எட்டும் எஸ் மேகங்கள் எல்லாம், கடைசிக் கூட்டின் 6எஸ் உட்பட, சுருங்கி இன்னும் கீழே இறங்குகின்றன. அந்த ஜோடியைப் பறிகொடுத்த காரீயம் அதை எப்படியாவது திரும்பப் பெறத் துடிக்கும். கார் பேட்டரியில் உள்ள காரீய டைஆக்ஸைடு செய்வது இதைத்தான். 2011இல் வந்த ஒரு கணக்கீட்டின்படி, ஒவ்வொரு அறையின் 2.1 வோல்ட்டில் ஏறக்குறைய 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியல் விளைவால் கிடைப்பது. ஆறு அறை சேர்ந்த 12 வோல்ட்டில் 10 வோல்ட் ஐன்ஸ்டைன் கணக்கு!

மின்சாரக் கார்களுக்கு இதே நெடுவரிசையின் மேல் பக்கம் தேவைப்படுகிறது. கார்பனும் சிலிக்கானும் ஒன்றைச் சுற்றி ஒன்று நான்கு நான்காக அமர்ந்தால் சிலிக்கான் கார்பைடு. இடைவெளி சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட், வைரத்துக்கும் சிலிக்கானுக்கும் நடுவில். அதனால் சிலிக்கான் தாங்காத வெப்பத்தையும் உயர் மின்னழுத்தத்தையும் தாங்கும், பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றும்போது வீணாவதும் குறைவு. பினாங்கிலிருந்து பாலத்தைத் தாண்டிப் போனால் கெடாவில் உள்ள கூலிமில், இன்ஃபினியன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் திறந்த ஆலை இந்தப் பொருளில்தான் சிப் செய்கிறது.