தொழில்முனைவுக் குணத்தை அளக்கும்போது எங்கே சறுக்குகிறது?

கல்லூரிகளின் இ.டி. செல்களில் (தொழில்முனைவு வளர்ச்சிப் பிரிவுகளில்) மாணவர்களுக்குத் தரும் வினாத்தாளில் ‘எனக்குத் தன்னம்பிக்கை அதிகம்’, ‘சவால் என்றால் பிடிக்கும்’ என்ற வாசகங்களே நிறைந்திருக்கும். எது நல்ல பதில் என்பதை வாசகமே காட்டிக்கொடுப்பதால், 1 (சற்றும் பொருந்தாது) முதல் 5 (முழுதும் பொருந்தும்) வரையிலான எண்களில் பெரும்பாலோர் 4 அல்லது 5-ஐ வட்டமிட்டுவிடுவார்கள். இதை வைத்து யாரையும் பிரித்தறிய முடியாது.

மூன்றில் ஒரு பங்கு வாசகங்களாவது எதிர்த்திசையில் இருக்கட்டும். ‘கஷ்டமான வேலையைத் தள்ளிப்போடுவேன்’ என்பதற்கு 5 போட்டால், அதை 6-லிருந்து கழித்து 1 என்றே கூட்ட வேண்டும். எக்செல்லில் இந்தத் திருத்தம் விடுபட்டால் மொத்தக் கணக்கும் பாழ். இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியரே தாளை வாங்கினாலும் பதில் மாறிவிடும். வேறு துறையிலிருந்து ஒருவரை அனுப்புங்கள்.

அதிகம் தவறாகப் படிக்கப்படுவது துணிச்சல். உளவியலாளர் டேவிட் மெக்லெலண்டின் சாதனை ஊக்க (எதையும் சிறப்பாகச் செய்து முடிக்க வேண்டும் என்ற உந்துதல்) ஆய்வுகளில் வந்த வளையம் எறியும் விளையாட்டு இதற்கு நல்ல சோதனை. தரையில் ஒரு குச்சியை நட்டு, அடிக்கு ஒரு கோடாகப் பத்து அடிவரை போடுங்கள். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, எங்கே நிற்பது என்பதை அவரிடமே விட்டு, நான்கு முறை எறியச் சொல்லுங்கள். நண்பர்கள் சுற்றி நின்றால் கைத்தட்டலுக்காகவே கடைசிக் கோட்டுக்குப் போய்விடுவார்கள். கடைசிக் கோட்டில் நிற்பவரைத் துணிச்சல்காரர் என்று குறித்துக்கொள்வது தவறு. சாதனை ஊக்கம் மிகுந்தவர்கள் கஷ்டமான, ஆனால் முயன்றால் முடிகிற நடுத்தூரத்தையே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். வளையம் விழுந்தால் ஓரடி பின்னே போகிறாரா, தவறினால் முன்னே வருகிறாரா என்பதையும் எழுதிவையுங்கள். விழுந்த எண்ணிக்கையைவிட அதுதான் முக்கியம்.

‘என் முடிவுகள் என் கையில் இல்லை’ என்று ஒரு மாணவி எழுதினால், அது அவள் குணமா, வீட்டு நிலைமையா என்று பார்க்காமல் மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம். பெற்றோர் தொழில், வீட்டுக் கடன், வெளியூர் செல்ல அனுமதி ஆகியவற்றைத் தனித்தாளில் கேளுங்கள்.

குறைந்த மதிப்பெண் வந்தவரைப் பயிற்சியிலிருந்து நீக்கவே கூடாது. 1960-களில் காக்கிநாடா வணிகர்களுக்கு ஹைதராபாத்தில் மெக்லெலண்ட் குழு தந்த பயிற்சி, சாதனை ஊக்கத்தை வளர்க்க முடியும் என்ற நம்பிக்கையில் நடந்ததுதான். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து அதே தாளை மறுபடி கொடுங்கள். பெயருக்குப் பதில், பிறந்த தேதியும் அம்மாவின் கைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் சேர்ந்த குறியீட்டை இரண்டு முறையும் எழுதச் சொன்னால், ஒவ்வொருவரின் இரண்டு தாளையும் பெயர் தெரியாமலே ஒப்பிடலாம்.