டிரில்லிங்: முக்குழல் துப்பாக்கி

துளை போடும் டிரில்லிங்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது ஜெர்மன் சொல். 'டிரை' என்றால் மூன்று. 'டிரில்லிங்' என்றால் ஒரே பிரசவத்தில் பிறந்த மூவரில் ஒருவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குழலை மடக்கிப் பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கிகள் பரவியபின், மூன்று குழல்களைச் சேர்த்துப் பற்றவைத்த வேட்டைத் துப்பாக்கிக்கு இந்தப் பெயர் நிலைத்தது. ஜெர்மனியின் ஸூல், ஆஸ்திரியாவின் ஃபெர்லாக் ஆகிய ஊர்கள் இதற்குப் பேர்போனவை. நான்கு குழல் இருந்தால் 'ஃபீர்லிங்'.

தமிழில் 'இரட்டைக்குழல் துப்பாக்கி' ஏற்கெனவே புழங்குவதால் 'முக்குழல் துப்பாக்கி' இயல்பாகவே பொருந்தும். குழல்கள் ஒரே வகையல்ல என்பதை இந்தப் பெயர் காட்டாது. ஜெர்மன் பெயரும் காட்டாதுதான். ரவைக் குழலும் (சிறு ஈய உருண்டைகளைச் சிதறவிடுவது) ரைஃபிள் குழலும் (ஒற்றைக் குண்டைச் சுடுவது) சேர்ந்த துப்பாக்கி இனம் முழுவதற்கும் 'கலப்புக்குழல் துப்பாக்கி' எனலாம்.

வழக்கமான அமைப்பில் மேலே பக்கம் பக்கமாக இரண்டு ரவைக் குழல்கள், 12 அல்லது 16 போர் ('போர்' என்பது குழலின் உள்விட்ட அளவு). அவற்றின் நடுவில், அடியில் ஒரு ரைஃபிள் குழல். இதற்கான தோட்டா பெரும்பாலும் 7×65ஆர் போன்றது: குண்டின் விட்டம் 7 மி.மீ., தோட்டாக் கூட்டின் நீளம் 65 மி.மீ. 'ஆர்' என்பது கூட்டின் அடியில் துருத்தும் விளிம்பைக் குறிக்கிறது. மடக்குத் துப்பாக்கியில் கூட்டை வெளியே தள்ளும் உறுப்புக்கு அந்த விளிம்புதான் பிடி.

குழல் மூன்று, விரலால் இழுக்கும் விசை இரண்டு. பிடியின் மேலுள்ள தள்ளுகட்டையை முன்னே தள்ளினால் முன்விசை ரைஃபிள் குழலுக்கு மாறும். மடங்கிக் கிடந்த பின்குறியும் (குறிபார்க்க உதவும், கண்ணுக்கு அருகிலுள்ள தகடு) எழுந்து நிற்கும். வினையே இங்குதான். சாதாரண இரட்டைக்குழலில் அதே இடத்தில் இருப்பது பாதுகாப்புப் பூட்டு. பல முக்குழல்களில் பூட்டு பிடியின் இடப்பக்கம் இருக்கும். பழைய கைப்பழக்கத்தில் பூட்டைத் திறப்பதாக நினைத்துக் கட்டையைத் தள்ளிவிட்டால், பறக்கும் பறவையை நோக்கி ரவைக்குப் பதில் ரைஃபிள் குண்டு பாயும். அது கிலோமீட்டர் கணக்கில் போகும். பின்குறி எழுந்திருக்கிறதா என்று ஒரு நொடி பார்ப்பதே காப்பு.

இன்னொரு சிக்கல் சூடு. தொடர்ந்து சுட்டால் ரைஃபிள் குழல் மட்டும் சூடேறி நீளப் பார்க்கும், பற்றவைப்பு விடாது. குழல்தொகுதி வளைந்து, குண்டு குறி தப்பும். அதனால் குறி சரிபார்க்கும்போது ஒவ்வொரு வேட்டுக்கும் இடையே குழலை ஆறவிடுவார்கள். வேட்டையில் முதல் குண்டுதான் கணக்கு என்பதால் அங்கே இது பெரிய குறையாகத் தெரியாது.

இவ்வளவு சிரமத்துக்கும் காரணம் ஜெர்மன் வேட்டைமுறை. ஒரே நடையில் முயலும் எதிர்ப்படும், ரோ மானும் (ஐரோப்பியச் சிறு மான்) காட்டுப்பன்றியும் எதிர்ப்படும். குளம்புள்ள விலங்குகளை ரவையால் சுட இன்றைய ஜெர்மன் வேட்டைச் சட்டம் தடைசெய்கிறது. ரோ மானுக்கே 100 மீட்டர் தொலைவில் குண்டின் ஆற்றல் குறைந்தது 1000 ஜூல் இருக்க வேண்டும். இரண்டு துப்பாக்கி சுமப்பதற்குப் பதில் ஒன்றைச் சுமக்கிறார்கள்.