ஈரத்தில் ரப்பரின் பிடி எப்படித் தளர்கிறது: 2008 இன்டர்லாகோஸ் பந்தயத்தின் கடைசிச் சுற்று

2008 நவம்பர் 2 அன்று, சாவோ பாலோ நகரின் இன்டர்லாகோஸ் ஓடுதளத்தில், அந்த ஆண்டின் கடைசி ஃபார்முலா 1 கார் பந்தயத்தில், ஃபெலிப்பே மாஸா முதலாவதாக வெற்றிக்கோட்டைக் கடந்தபோது, அங்கு கூடியிருந்த பிரேசில் ரசிகர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளை உலகச் சாம்பியன் ஆகிவிட்டதாகவே நம்பினார்கள். ஃபெராரி அணியின் கூடத்தில் மாஸாவின் தந்தையும் உறவினர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு துள்ளிக் குதித்தார்கள். அவர் கோட்டைக் கடந்த 38.9 விநாடிகளுக்குப் பிறகு மெக்லாரன் அணியின் லூயிஸ் ஹாமில்டன் ஐந்தாவதாக வந்து சேர்ந்தார். 98க்கு 97 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், பட்டம் அவர் கைக்குப் போனது. சற்று முன்புவரை ஆறாவது இடத்தில் இருந்த ஹாமில்டன், பந்தயம் முடிய ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான தொலைவு இருக்கும்போது, டொயோட்டா அணியின் டிமோ கிளாக்கை முந்தியிருந்தார்.

அந்த நொடியிலிருந்து கிளாக் மீது பழி விழுந்தது. அவர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து வழிவிட்டார் என்று ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். அவருக்கு மிரட்டல் கடிதங்களும் வந்தன. சொந்த மண்ணில் தங்கள் வீரர் பட்டத்தைத் தொட்டுவிட்டு இழந்ததைக் கண்ட மக்களின் வேதனை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் ஈரமான தார்த்தளத்தின் மீது ரப்பர் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிந்தவர்கள் அந்தப் பழியை ஏற்க முடியாது. பிடிப்பு என்பது படிப்படியாகக் குறையும் பொருள் அன்று. ஒரு வரம்புவரை தாக்குப்பிடித்துவிட்டு, பிறகு ஒரேயடியாகச் சரிவது.

முதலில் புள்ளிக் கணக்கைப் பார்த்துவிடலாம். அந்த ஆண்டு முதல் எட்டு இடங்களுக்கு முறையே 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று புள்ளிகள் வழங்கப்பட்டன. பந்தயம் தொடங்கும்போது ஹாமில்டனிடம் 94, மாஸாவிடம் 87 இருந்தன. மாஸா வென்றால் 97. ஹாமில்டன் ஐந்தாவதாக வந்தால் 98, ஆறாவதாக வந்தால் அவருக்கும் 97. புள்ளிகள் சமமானால் அதிகப் பந்தயங்களை வென்றவருக்கே பட்டம் என்பது விதி. அந்த ஆண்டில் மாஸாவின் வெற்றிகள் இந்தப் பந்தயத்தையும் சேர்த்து ஆறு, ஹாமில்டனுடையவை ஐந்து. ஆகவே 18 பந்தயங்கள் நீண்ட ஒரு பருவம் முழுவதும், ஐந்தாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் இடையிலான ஒற்றைப் புள்ளியில் வந்து நின்றது.

பந்தயம் 71 சுற்றுகள். முடிவதற்குச் சில சுற்றுகள் முன்பு தூறல் விழத் தொடங்கியது. மாஸா, ஹாமில்டன் உட்பட முன்னணியில் இருந்தவர்கள் அனைவரும், தடத்தை ஒட்டி டயர் மாற்றும் இடமான பிட்டுக்குள் நுழைந்து, லேசான ஈரத்துக்கென்றே செய்யப்பட்ட இன்டர்மீடியட் டயர்களை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். டொயோட்டா அணி மட்டும் தன் இரு வீரர்களான கிளாக்கையும் யார்னோ ட்ரூல்லியையும் உலர்தள டயர்களிலேயே ஓடவிட்டது. இதை முரட்டுத் துணிச்சல் என்று சொல்ல முடியாது. பிட்டுக்குள் நுழைந்து, டயர் மாற்றி, மீண்டும் தடத்துக்கு வருவதற்குள் சுமார் 20 விநாடிகள் கரைந்துபோகும். தூறலில் உலர்தள டயர் ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு விநாடிகளை இழந்தாலும், மிச்சமுள்ள சுற்றுகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் மாற்றாமல் இருப்பதே லாபம். எந்த அளவு ஈரத்தில் இன்டர்மீடியட் டயர் உலர்தள டயரைவிட வேகமாகிறது என்பதைக் குறுக்குப்புள்ளி என்று கொண்டால், ஒவ்வொரு அணியின் பொறியாளர்களும் அந்தப் புள்ளி வருமா, எந்தச் சுற்றில் வரும் என்பதைத்தான் கணித்துக்கொண்டிருந்தார்கள். டொயோட்டாவின் கணக்கு கடைசிச் சுற்றுவரை சரியாகவே இருந்தது. கிளாக் நான்காம் இடத்துக்கு உயர்ந்தார். ஹாமில்டன் ஐந்தாவதாக அவருக்கு வெகு பின்னால் இருந்தார். இரண்டு சுற்றுகள் மீதமிருந்த நிலையில், டோரோ ரோஸோ அணியின் செபாஸ்டியன் வெட்டல் ஹாமில்டனை முந்தி அவரை ஆறாம் இடத்துக்குத் தள்ளினார். மாஸாவின் ரசிகர்களுக்கு நம்பிக்கை பிறந்தது அப்போதுதான்.

கடைசிச் சுற்று தொடங்கும்போது கிளாக் ஹாமில்டனைவிடச் சுமார் 13 விநாடிகள் முன்னால் இருந்தார். சுற்று முடிந்தபோது 5.461 விநாடிகள் பின்தங்கியிருந்தார். 4.309 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே சுற்றில் 18 விநாடிகளுக்கு மேல் பறிபோயின. ஒரு டயர் எப்படி இவ்வளவு விரைவாகக் கைவிடும்?

ரப்பர் தார்த்தளத்தைப் பற்றிக்கொள்வது இரு வழிகளில் நிகழ்கிறது. ஒன்று ஒட்டுதல். ரப்பரின் மூலக்கூறுகளும் கல்லின் மேற்பரப்பும் மிக நெருங்கும்போது, வான் டெர் வால்ஸ் விசைகள் எனப்படும் மெல்லிய ஈர்ப்பு விசைகளால் அவை பிணைந்து, இழுபட்டு, அறுந்து, மீண்டும் பிணைகின்றன. இதற்கு இரு பரப்புகளுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மைக்ரோமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்க வேண்டும். மற்றொன்று ரப்பரின் உருக்குலைவு. தளத்தில் துருத்தி நிற்கும் கற்களின் மீது ரப்பர் அழுந்திக் குழிந்து, மீண்டும் பழைய வடிவத்துக்கு வரச் சற்றே தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தால் கல்லின் முன்பக்கத்தில் அழுத்தம் கூடுதலாகவும் பின்பக்கத்தில் குறைவாகவும் இருக்கிறது. அந்த வேறுபாடு வழுக்குதலுக்கு எதிரான விசையாக மாறுகிறது. பந்தய டயரின் அபாரமான பிடிப்பு இவ்விரண்டும் சேர்ந்ததன் விளைவு.

மழை முதலில் கெடுப்பது ஒட்டுதலை. மூலக்கூறு அளவிலான நெருக்கம் தேவைப்படும் இடத்தில் மெல்லிய நீர்ப்படலம் புகுந்தாலே போதும், ஒட்டுதல் பெரும்பாலும் அற்றுவிடும். தேய்ந்த ரப்பர் செருப்போடு ஈரச் சிமெண்டுத் தரையில் கால் வைத்தவர்கள் இதை உடலால் அறிந்திருப்பார்கள். உருக்குலைவினால் வரும் பிடிப்பு இன்னும் மிச்சமிருக்கும், ஏனெனில் கற்களின் முனைகள் நீர்ப்படலத்தைத் துளைத்துக்கொண்டு ரப்பரைக் குத்துகின்றன. தூறலில் கிளாக்கால் சில சுற்றுகள் ஈடுகொடுக்க முடிந்தது அதனால்தான். நீரின் ஆழம் கூடி, அம்முனைகளும் மூழ்கத் தொடங்கும்போது நிலைமை வேறு.

2008ஆம் ஆண்டின் உலர்தள டயர்கள் முழு வழவழப்பானவை அல்ல. 1998 முதல் நடப்பிலிருந்த விதிப்படி, ஒவ்வொரு பிரிட்ஜ்ஸ்டோன் டயரிலும் சுற்றுவட்டமாக நான்கு வரிப்பள்ளங்கள் இருந்தன. அந்த ஆண்டுதான் அவற்றின் இறுதி ஆண்டு. பார்வைக்கு நீரை வெளியேற்றும் கால்வாய்கள் போல் தோன்றினாலும், அவற்றின் நோக்கம் தளத்தைத் தொடும் ரப்பரின் பரப்பைக் குறைத்து வளைவுகளில் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே. நீரைப் பக்கவாட்டில் தள்ளும் குறுக்குப் பள்ளங்கள் அவற்றில் இல்லை. மழை டயரின் திறன் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் அளவு சொல்லலாம்: பிற்காலத்தில் வந்த பிரெல்லி நிறுவனத்தின் இன்டர்மீடியட் டயர் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 30 லிட்டர் நீரை அப்புறப்படுத்தவல்லது. நீருக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் அது டயரின் முன்னால் ஆப்பு போலத் திரண்டு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் அழுத்தத்தோடு டயரைத் தூக்குகிறது. அந்த அழுத்தம் டயரின் உள்ளழுத்தத்துக்கு இணையாகும்போது சக்கரம் தளத்தை விட்டு நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். 1960களில் நாசா விமானச் சக்கரங்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகள், மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் உள்ளழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று காட்டின. ஃபார்முலா 1 காரின் டயரில் அழுத்தம் விமான டயரைவிட மிகக் குறைவு. அகலமோ சாதாரணக் கார் டயரைவிட மிக அதிகம். நீர் தேங்கிய இடத்தில் அது எளிதில் மிதந்துவிடும்.

இவற்றைவிட முக்கியமானது வெப்பம் என்பது என் எண்ணம். பந்தய டயரின் ரப்பர் கிட்டத்தட்ட 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் இளகி, தளத்தின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் பாய்ந்து நிரம்பும்படி உருவாக்கப்பட்டது. அந்த வெப்பத்தை அதற்குத் தருவது வேகமும் சுமையும்தான்: ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு பிரேக்கிலும் ரப்பர் பிசையப்பட்டுச் சூடேறுகிறது. மழைநீரோ வெப்பத்தை வாரிக்கொண்டு போவதில் நிகரற்றது. டயர் குளிர்ந்தால் ரப்பர் விறைக்கிறது. விறைத்த ரப்பர் கற்களின் மீது படியாமல் தாவிச் செல்கிறது. பிடிப்புக் குறைந்ததால் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். வேகம் குறைந்ததால் டயருக்குள் புகும் வெப்பமும் குறைகிறது. டயர் மேலும் குளிர்கிறது. தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழலுக்குள் ஒருமுறை விழுந்த டயரை, மழை நிற்காத வரையில், எந்தத் திறமையாலும் மீட்டெடுக்க முடியாது. இன்டர்மீடியட் டயரின் ரப்பர் குறைந்த வெப்பத்திலேயே இளகும் வகையைச் சேர்ந்தது என்பதால், ஹாமில்டனின் கார் அந்தச் சுழலுக்கு வெளியே இருந்தது.

இதனோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. காரின் இறக்கைகள் அதைத் தளத்தோடு அழுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அன்றைய பந்தயத்தின் அதிவேகச் சுற்றை மாஸா 1 நிமிடம் 13.736 விநாடிகளில் ஓட்டினார். சராசரி வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர். கிளாக்கின் கடைசிச் சுற்று 1 நிமிடம் 44 விநாடிகளைத் தாண்டியது. சராசரி 150க்கும் கீழே. இவ்விரு சராசரிகளை வைத்துப் பார்த்தால், காரைத் தளத்தில் அழுத்திய விசை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. நீரைப் பிதுக்கி வெளியேற்றவும் ரப்பரைப் பிசைந்து சூடாக்கவும் சுமை தேவைப்பட்ட அதே நேரத்தில்தான் சுமையும் விலகியது. சக்கரம் வெற்றுச் சுழற்சியில் ஈடுபடுவதைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு அந்த ஆண்டுதான் தடை செய்யப்பட்டிருந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். கிளாக்கின் வலது பாதம் ஒன்றே அந்த வேலையைச் செய்தாக வேண்டியிருந்தது.

ஹாமில்டனும் வெட்டலும் கிளாக்கை முந்திய இடம் ஜுன்சாவ் என்னும் இடப்புற வளைவு. இன்டர்லாகோஸ் இடஞ்சுழியாக ஓடும் தளம். தாழ்வான உட்பகுதியிலிருந்து மேடேறும் தொடக்கத்தில் இந்த வளைவு அமைந்திருக்கிறது. உலர்ந்த நாளில் ஓட்டுநர்கள் வளைவின் நடுவிலேயே முடுக்கத் தொடங்கி, வெற்றிக்கோடு வரையிலும் அதைத் தாண்டியும் கால் எடுப்பதில்லை. அதாவது, பின்சக்கரங்களிடம் மிக அதிகப் பிடிப்பைக் கேட்கும் வளைவு அது, அதுவும் மேட்டில். பின்னர் வெளியான கிளாக்கின் உள்கேமராக் காட்சியில், அவர் திசைமாற்றியை ஓயாமல் இரு பக்கமும் திருத்திக்கொண்டே வருவதையும், சற்று முடுக்கினாலும் காரின் பின்பகுதி விலகுவதையும் தெளிவாகக் காணலாம்.

ரசிகர்கள் ஏன் இதை முன்கூட்டியே காணவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. கார்களுக்கு இடையிலான இடைவெளியை நேரத்திரை அந்தக் காலத்தில் தளத்தின் சில குறிப்பிட்ட கோடுகளில்தான் புதுப்பித்துக் காட்டியது. அந்தக் கோடுகளுக்கு இடையே ஒரு கார் எவ்வளவு தடுமாறினாலும், திரையில் பழைய எண்ணே நிற்கும். 13 விநாடிகள் என்ற எண்ணைக் கண்ட பிறகு கிளாக்கைக் கவனிக்க எவருக்கும் தோன்றவில்லை. எல்லாக் கண்களும் வெட்டலுக்கும் ஹாமில்டனுக்கும் இடையே இருந்த ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளியில் குவிந்திருந்தன. ஆகவே திரையில் தெரியாமல் நிகழ்ந்த ஒரு சரிவின் முடிவு மட்டும், முன்னறிவிப்பின்றி அவர்கள் முன் வந்து விழுந்தது. சதி என்ற சந்தேகம் அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்தது.

அச்சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க இயற்கையே ஓர் ஒப்பீட்டைத் தந்திருக்கிறது. அதே அணி, அதே கார், அதே உலர்தள டயர்களோடு ட்ரூல்லியும் அதே மழையில் கடைசிச் சுற்றை ஓட்டினார். பட்டப் போட்டிக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் எட்டாவதாக வந்தார். அவருடைய கடைசிச் சுற்றும் 1 நிமிடம் 44 விநாடிகளை ஒட்டியே முடிந்தது. கிளாக் நடித்தார் என்றால் ட்ரூல்லியும் ஏன் அதே அளவுக்கு நடிக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பழி சுமத்தியவர்களிடம் விடை இல்லை.

இன்னொன்றையும் மாஸாவின் ரசிகர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம். மழை தொடங்குவதற்கு முன் கிளாக் ஹாமில்டனுக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தார். மற்றவர்களைப் போல அவரும் பிட்டுக்குள் போய் டயர் மாற்றியிருந்தால், தொடர்ந்து பின்னாலேயே இருந்திருப்பார். வெட்டல் முந்திய பிறகும் ஹாமில்டன் ஐந்தாம் இடத்தில் பாதுகாப்பாக இருந்திருப்பார். உலர்தள டயர்களோடு நின்ற டொயோட்டாவின் முடிவுதான் ஹாமில்டனை ஆறாம் இடத்துக்குத் தள்ளி, மாஸாவின் வாய்ப்பைக் கடைசிச் சுற்றுவரை உயிரோடு வைத்திருந்தது.