ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால்

போன மாதம் ஒரு கல்யாண போட்டோகிராபர் கையில் வெறும் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தார். 4 டிபி வெளி டிஸ்க். அதன் யுஎஸ்பி முனை ஆடிப்போய் விட்டுவிட்டு வேலை செய்ததால், பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை மட்டும் எடுத்து, கணினிக்குள் சாட்டா கேபிளில் மாட்டியிருக்கிறார். இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் சொல்லியிருக்கிறது. நல்லவேளை, அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. மூன்று வருடக் கல்யாணங்கள் அதில் இருந்தன.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் டேட்டா போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்களே அதிகம். அந்த அறிவிப்புக்கு அர்த்தம் அதுவல்ல. தான் எதிர்பார்த்த இடத்தில் தனக்குத் தெரிந்த எதுவும் இல்லை என்று மட்டும்தான் விண்டோஸ் சொல்கிறது.

ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கிராமக் கணக்கில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எவ்வளவு பரப்பு, நஞ்சையா புஞ்சையா என்று எழுதியிருக்கும். வயலில் இன்றைக்கு என்ன விளைகிறது என்பது வேறு விஷயம். டிஸ்க்கிலும் அப்படித்தான். டிஸ்க்கை எந்தெந்தப் பகுதிகளாக, அதாவது பார்ட்டிஷன்களாக, பிரித்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிள்தான் கணக்குப் புத்தகம். அந்தப் பகுதிக்குள் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையான ஃபைல் சிஸ்டம்தான் (விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்றவை) வயலில் நிற்கும் பயிர்.

பழைய எம்பிஆர் முறையில் இந்தக் கணக்குப் புத்தகம் ரொம்பச் சின்னது. டிஸ்க்கின் முதல் செக்டார், அதாவது முதல் துண்டு, 512 பைட். அதில் 446 பைட் பூட் நிரலுக்குப் போக, கணக்குக்குக் கிடைப்பது 64 பைட். அதில் பார்ட்டிஷனுக்கு ஒன்றாக 4 வரிகள், வரிக்கு 16 பைட். அந்த 16-ல் ஒரே ஒரு பைட்தான் வகையைச் சொல்கிறது. 07 என்றால் என்டிஎஃப்எஸ், 0சி என்றால் ஃபேட்32, 83 என்றால் லினக்ஸ். ஒரு பைட்டில் 256 எண்களுக்கு மேல் கிடையாது. யாருக்கு எந்த எண் என்று பிரித்துக் கொடுக்கப் பொதுவான அமைப்பும் இல்லை. அதனால் மோதல்கள் வந்தன. ஓஎஸ்/2 என்ற பழைய இயங்குதளத்தின் ஹெச்பிஎஃப்எஸ், விண்டோஸின் என்டிஎஃப்எஸ், பின்னால் வந்த எக்ஸ்ஃபேட் மூன்றுக்கும் அதே 07. லினக்ஸ் நினைவகத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளும் ஸ்வாப் பகுதிக்கும் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் இயங்குதளத்துக்கும் ஒரே 82. ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருந்தவர்கள் பயந்து பயந்துதான் நிறுவ வேண்டியிருந்தது. சோலாரிஸ் பிறகு பிஎஃப் என்ற எண்ணுக்கு மாறிக்கொண்டது.

அப்புறம் வந்த ஜிபிடி முறையில் வகைக்கு 16 பைட் நீளமுள்ள அடையாள எண். வழக்கமாக 128 பார்ட்டிஷன்களுக்கு இடம் உண்டு. கணக்கின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். டிஸ்க் காலி என்று பழைய மென்பொருள்கள் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக, முதல் செக்டாரில் இஇ என்ற வகையில் ஒரு காவல் வரியும் போட்டு வைத்தார்கள்.

இந்தக் கணக்கை எல்லா இயங்குதளமும் ஒரே மாதிரி படிப்பதில்லை. பெரும்பாலான தொல்லை இங்கேதான் ஆரம்பிக்கிறது. லினக்ஸ் பெரும்பாலும் நேராக வயலுக்கே போய்ப் பார்க்கும். பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி எக்ஸ்ட்4 தன் விவரங்களை எழுதி வைக்கும் சூப்பர்பிளாக் இருக்கிறதா, நான்காவது பைட்டிலிருந்து என்டிஎஃப்எஸ் என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று தேடும். கணக்கில் வகை தப்பாக இருந்தாலும் பல சமயம் சரியாகத் திறந்துவிடும். விண்டோஸ் முதலில் கணக்கைத்தான் பார்க்கும். தன்னுடைய வகை இல்லையென்றால் பெரும்பாலும் சி, டி போன்ற டிரைவ் எழுத்தே கொடுக்காது. தன்னுடைய வகை என்று எழுதியிருந்து, உள்ளே தெரியாத பயிர் நின்றால் ஃபார்மேட் செய்யச் சொல்லும்.

ஜிபிடி வந்த புதிதில் லினக்ஸ் கருவிகள் தமக்கென்று தனி எண் வைத்துக்கொள்ளாமல், மைக்ரோசாஃப்டின் பேசிக் டேட்டா எண்ணையே தம் பார்ட்டிஷன்களுக்கும் போட்டுவந்தன. விண்டோஸுக்கு அவை தன்னுடையவை போலவே தெரிந்தன. கேட்ட கேள்விக்குச் சரி என்று அழுத்தி லினக்ஸ் முழுவதையும் இழந்த ஒரு மாணவனை நானே பார்த்திருக்கிறேன். பிறகு லினக்ஸுக்குத் தனி எண் வந்தது. ஆனால் அதற்கு முன் பிரித்த டிஸ்க்குகளில் பழைய எண்தான் இருக்கும்.

இன்னொன்று: விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எழுத்தில்லாமல் தெரியும் சின்னப் பார்ட்டிஷன்களை வீண் இடம் என்று நினைத்து அழிக்காதீர்கள். 100 எம்பி அளவில் இருப்பது பெரும்பாலும் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். விண்டோஸைத் துவக்கும் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. ரெக்கவரி பார்ட்டிஷனுக்கும் தனி வகை உண்டு. அதனால்தான் இரண்டுக்கும் டிரைவ் எழுத்து இல்லை.

சரி, போட்டோகிராபரின் டிஸ்க்குக்கு வருவோம். அதில் வகை 07 என்று ஒழுங்காகவே இருந்தது. தவறு எல்லையில். எம்பிஆரில் செக்டார் எண்ணுக்கு 32 பிட் மட்டுமே. 512 பைட் செக்டார் என்றால் சுமார் 2 டிபிக்கு மேல் போக முடியாது. இதைத் தாண்டுவதற்காகச் சில யுஎஸ்பி பெட்டிகள் ஒரு செக்டார் 4096 பைட் என்று கணினிக்குச் சொல்கின்றன. பெட்டிக்குள் இருந்தபோது 256-ஆவது செக்டார் என்றால் 1 எம்பி தள்ளி. நேராக மாட்டியதும் அதே 256 வெறும் 128 கேபி ஆகிவிட்டது. சங்கிலியின் நீளம் மாறினால் சர்வேயர் வேறொருவர் நிலத்தில் போய் நிற்பார் அல்லவா, அதுதான் நடந்தது. அங்கே ஒன்றும் இல்லாததால் விண்டோஸ் ஃபார்மேட் செய்யச் சொன்னது.

அவர் சரி என்று அழுத்தியிருந்தால் புதிய கோப்புப் பட்டியல் கல்யாணப் படங்களின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். எஸ்எஸ்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: க்விக் ஃபார்மேட்டின்போது இந்த இடங்களில் இருப்பது இனி வேண்டாம் என்று சொல்லும் டிரிம் கட்டளையையும் விண்டோஸ் அனுப்பிவிடும், அதன்பிறகு பெரும்பாலும் மீட்க எதுவும் மிஞ்சாது.

இந்த மாதிரி டிஸ்க் உங்களிடம் இருந்தால் ஃபார்மேட், இனிஷியலைஸ், செக்டிஸ்க் மூன்றையும் தொடாதீர்கள். கடைசியாக எந்தப் பெட்டியில், எந்தக் கணினியில் வேலை செய்ததோ அதிலேயே மாட்டிப் பாருங்கள். சில பெட்டிகள் டேட்டாவை என்க்ரிப்ட் செய்தும் வைக்கும் என்பதால் பிரித்த பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் லைவ் யுஎஸ்பி இருந்தால் அதில் எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் தேர்வோடு (lsblk -f) கொடுங்கள். எதையும் எழுதாமல், உள்ளே எந்த ஃபைல் சிஸ்டம் தெரிகிறது என்று காட்டும். டிஸ்க் வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோங்கள்.

அவருடைய பழைய பெட்டியையே எடுத்துவரச் சொல்லி, யுஎஸ்பி முனையை மட்டும் மாற்றிப் பற்றவைத்தோம். டிஸ்க்கை உள்ளே வைத்து மாட்டியதும் எல்லா ஃபோல்டர்களும் அப்படியே வந்தன. வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுப்பது விடியவிடிய ஓடியது. அவரும் கூடவே உட்கார்ந்திருந்தார்.