அந்த வளையத்தில் எலக்ட்ரான் இல்லை

சென்ற வாரம் இளநிலை இயற்பியல் இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில் ஹைட்ரஜன் அணுவை வரையச் சொன்னபோது, ஒரு மாணவி நடுவில் புள்ளி வைத்து, சுற்றிலும் வளையம் போட்டு, அதன்மேல் எலக்ட்ரானை ஓர் உருண்டையாக வரைந்து, அது ஓடும் திசைக்கு அம்புக்குறியும் இட்டார். அன்று அப்படி வரைந்தவர்களில் அவர் ஏழாமவர். அணு அளவிலான துகள்களின் இயற்பியலான குவாண்டம் இயக்கவியலின் அடிப்படை, ஷ்ரோடிங்கர் சமன்பாடு. அதைத் தாளில் பிழையின்றிப் போடத் தெரிந்த பிள்ளைகள் இவர்கள் என்பதுதான் என் வருத்தம்.

1913இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் தந்த அந்த வளைய அணு மாதிரி, ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளை, அதாவது அது உமிழும் ஒளியின் தனித்தனி நிறக் கோடுகளை, சரியாகக் கணித்தது. அடிநிலையின், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையின், ஆற்றல் −13.6 எலக்ட்ரான் வோல்ட் என்ற விடை இன்றும் செல்லும். ஆனால் இரண்டே எலக்ட்ரான்கள் கொண்ட ஹீலியத்திலேயே அது தோற்றுவிட்டது. விடை சரி என்பதற்காகப் படமும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வளையத்தைக் கைவிட்டவர்களும் 'எலக்ட்ரான் மேகம்' என்றதும் வேறொரு தவற்றுக்குப் போய்விடுகிறார்கள். மின்விசிறியின் இறக்கைகள் வேகத்தில் தகடுபோலத் தெரிவதைப் போல, எலக்ட்ரானும் மிக வேகமாகச் சுற்றுவதால் மேகமாகத் தெரிகிறது என்கிறார்கள். தயவுசெய்து இந்த உவமையை விட்டுவிடுங்கள். இறக்கைக்கு ஒவ்வொரு கணமும் ஓர் இடம் உண்டு. எலக்ட்ரானுக்கு அப்படியொரு பாதையைக் குவாண்டம் இயக்கவியல் தருவதே இல்லை. ஹைட்ரஜனின் அடிநிலையில் எலக்ட்ரானின் சுற்றுக் கோண உந்தம், அதாவது சுற்றிவரும் இயக்கத்தின் அளவு, சுழி (பூஜ்யம்). அணுக்கருவை வட்டமிடும் உருண்டைக்கு அது சுழியாக இருக்கவே முடியாது. அளந்தால் எங்கே அகப்படும் என்பதற்கான நிகழ்தகவையே மேகம் காட்டுகிறது. போர் வளையம் வரைந்த 0.053 நானோமீட்டர், எலக்ட்ரான் அகப்பட மிக அதிக வாய்ப்புள்ள தொலைவு மட்டுமே.

1989இல் ஜப்பானில் அகிரா தோனோமுரா குழுவினர் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் பதிவு செய்த சோதனையை மாணவர்களுக்குக் காட்டுங்கள். ஒவ்வோர் எலக்ட்ரானும் திரையில் ஒரு புள்ளியாகவே விழுகிறது; ஆயிரக்கணக்கில் சேர்ந்தபின் அந்தப் புள்ளிகளே அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது தோன்றும் குறுக்கீட்டுப் பட்டைகளாகின்றன.

பெற்றோர்களே, கண்காட்சிக்குத் தெர்மகோல் பந்தும் கம்பி வளையமும் வைத்து அணு செய்து தருவதில் தவறில்லை. அதில் 'போர் மாதிரி, 1913' என்று ஓர் அட்டை ஒட்டிவிடுங்கள். ஆசிரியர்களே, வளையம் வரையும் அதே வகுப்பில் அது எங்கே பொய்க்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். மேல்வகுப்பில் பார்த்துக்கொள்வார்கள் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த மேல்வகுப்பில்தான் நான் அமர்ந்திருக்கிறேன், வளையங்கள் அப்படியே வந்து சேர்கின்றன.