டெலிஷாப்பிங்: வாங்குபவரின் பெயரில் நடக்கும் விற்பனை

தொலைக்காட்சியில் ஒரு பொருளைக் காட்டி, அதன் பயனையும் விலையையும் விரித்துச் சொல்லி, பார்த்துக்கொண்டிருப்பவர் இருந்த இடத்திலிருந்தே தொலைபேசியிலோ இணையத்திலோ அதைப் பதிவு செய்து பெறும்படி நடத்தப்படும் விற்பனைக்கு டெலிஷாப்பிங் என்று பெயர். இதற்கென்றே இயங்கும் அலைவரிசைகளை ஷாப்பிங் சேனல்கள் என்கிறோம். ஒரு காலத்தில் நள்ளிரவிலும் விழித்திருந்து பார்த்த நேயர்கள் இந்த அலைவரிசைகளுக்கு இருந்தார்கள். இன்று அந்த ஆர்வம் வெகுவாகக் குறைந்துவிட்டது. இதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், “ஷாப்பிங் சேனல் தொகுப்பாளர்களைப் பார்த்து நேயர்கள் களைப்படைந்துவிட்டனர்” என்பது போன்ற வாக்கியங்களை எழுதுகிறார்கள். அந்த ஒரே வாக்கியத்தில் ஷாப்பிங், தொகுப்பாளர், களைப்பு ஆகிய மூன்று சொற்களும் பொருளை விட்டு விலகி நிற்கின்றன என்பது என் கருத்து. மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன், டெலிஷாப்பிங்கின் முற்பாதியான டெலி. ‘தொலைவில்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. 1900ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த மின்சார மாநாட்டில் கான்ஸ்டான்டின் பெர்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர், கிரேக்க முன்னொட்டையும் காட்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லையும் இணைத்து, டெலிவிஷன் என்ற சொல்லை ஆண்டார். தமிழில் தொலைபேசி, தொலைநோக்கி, தொலைவரி என்ற வரிசையில் தொலைக்காட்சி என்ற சொல் எந்த உறுத்தலும் இல்லாமல் வந்து அமர்ந்துகொண்டது. எனவே டெலிஷாப்பிங்கின் முற்பாதியால் நமக்குச் சிக்கல் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த டெலி தொலைவைக் குறிக்கிறதா, தொலைக்காட்சியைக் குறிக்கிறதா என்று கேட்டால், இந்தச் சொல்லின் வரலாறே வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

1979ஆம் ஆண்டு மைக்கேல் ஆல்ட்ரிச் என்ற ஆங்கிலேயர், வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைச் சற்றே மாற்றியமைத்து, தொலைபேசிக் கம்பி வழியாக வணிகக் கணினி ஒன்றுடன் இணைத்துக் காட்டினார். பெட்டியின் முன் அமர்ந்திருப்பவர் திரையில் பட்டியலைப் படித்து, தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுத்து அனுப்பலாம். இந்த ஏற்பாட்டைத்தான் டெலிஷாப்பிங் என்றார்கள். 1984இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் 72 வயது மூதாட்டி ஒருவர், இதே முறையைப் பின்பற்றி, வீட்டு நாற்காலியில் அமர்ந்தபடி மளிகைப் பொருள்களை வரவழைத்தார். அங்கே யாரும் அவரிடம் பேசவில்லை. எதையும் வாங்கச் சொல்லவில்லை. கடிகாரம் எதுவும் பின்னோக்கி ஓடவில்லை. பட்டியல் இருந்தது, அவர் இருந்தார், தொலைவைக் கடக்க ஒரு கம்பி இருந்தது, அவ்வளவுதான். அதாவது, இன்று நாம் இணையவழி வாங்குதல் என்று சொல்வதற்குத்தான் இச்சொல் முதலில் பொருந்தி நின்றது. பின்னர் ஒளிபரப்பு விற்பனை பெருகியபோது, அந்தப் பெயர் முற்றிலும் வேறு தன்மையுள்ள ஒன்றின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

அந்த வேறு தன்மையுள்ள விற்பனை அமெரிக்காவில், அதுவும் வானொலியில் பிறந்தது. 1977ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தின் கிளியர்வாட்டர் நகரில், விளம்பரக் கட்டணத்தைச் செலுத்த முடியாமல் போன ஒருவர், பணத்துக்குப் பதிலாக 112 தகரடப்பா திறப்பான்களை வானொலி நிலையத்திடம் கொடுத்தார். நிலையத்தின் அறிவிப்பாளர் பாப் சர்கோஸ்டா அவற்றை ஒலிபரப்பிலேயே விற்கப் பணிக்கப்பட்டார். அவர் பேசினார், அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. நிலையத்தின் உரிமையாளர் லோவெல் பாக்சன், ராய் ஸ்பீர் என்பவருடன் சேர்ந்து 1982இல் உள்ளூர் கம்பிவடத் (கேபிள்) தொலைக்காட்சியில் இதையே தொடங்கினார். 1985இல் அது ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் விரிந்தது. அடுத்த ஆண்டே ஜோசப் சீகல் என்பவர் க்யூவிசி நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, முதல் விற்பனையின்போது காட்சி என்பதே இல்லை என்பதுதான். பொருளைக் கண்ணால் பார்க்காமலே, ஒரு குரலை நம்பி 112 திறப்பான்களையும் வாங்கியிருக்கிறார்கள். இந்த வணிகத்தின் உயிர் காட்சியில் இல்லை, பேச்சில் இருந்தது.

இனி, ஷாப்பிங். ஷாப் என்பது சிறு கொட்டகையையோ சாவடியையோ குறித்த பழைய ஆங்கிலப் பெயர்ச்சொல். அது வினையானபோது முதலில் விற்பவரின் செயலையும் சுட்டியது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பொருளைக் கடையில் விற்பனைக்கு வைத்தல் என்ற பொருளில் அது வழங்கியது. கடைகளுக்குப் போய்ப் பார்த்து வாங்குதல் என்ற இன்றைய பொருள் 1760களில்தான் தலைகாட்டுகிறது. விற்பவரிடமிருந்து வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்த அந்த வினை, இன்று முழுக்க முழுக்க வாங்குபவருடையது. ஆகவே ஷாப்பிங் சேனல் என்று ஒரு விற்பனை நிறுவனம் தனக்குப் பெயர் வைத்துக்கொள்ளும்போது, தான் செய்யும் விற்பனையை நேயர் செய்யும் செயலாகப் பெயர் மாற்றிவிடுகிறது. நீங்கள் உலாவுகிறீர்கள், நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்ற உணர்வை அந்தப் பெயரே ஊட்டிவிடுகிறது. உண்மையில் நேயர் எதையும் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதில்லை. அடுத்து எந்தப் பொருள் வரும், அது எவ்வளவு நேரம் திரையில் நிற்கும், எப்போது விலகும் என்பவை எல்லாம் விற்பவரின் கையில் இருக்கின்றன.

தமிழ் இந்த மயக்கத்துக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை என்பதை ஒரு பெருமையாகவே நான் சொல்வேன். தமிழில் விற்றல் வேறு, வாங்குதல் வேறு. கொடுத்தல் வேறு, கொள்ளுதல் வேறு. வாக்கியத்தைத் தொடங்கும்போதே யாருடைய செயலைச் சொல்லப்போகிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும். ‘தொலைக்காட்சிக் கொள்வனவு’ என்று ஈழ வழக்கைத் தழுவி எழுதினால் அது வாங்குபவரின் பக்கம். ‘தொலைக்காட்சி வணிகம்’ என்றால், ஒளிபரப்பு உரிமை விற்பது முதல் விளம்பர நேரம் விற்பது வரை தொலைக்காட்சித் தொழில் முழுவதையும் அது குறித்துவிடும். ‘தொலைவிற்பனை’ என்பது சுருக்கமான நல்ல சொல்தான். ஆனால் அஞ்சல், தொலைபேசி, இணையம் என்று நேரில் காணாமல் நடக்கும் எல்லா விற்பனைகளையும் அது தழுவிக்கொள்கிறது. அந்தப் பரந்த பொருளுக்கென்றே அதை விட்டுவைப்பது நல்லது. மீதமிருப்பது ‘தொலைக்காட்சி விற்பனை’. டெலிஷாப்பிங் என்பதற்குச் சரியான தமிழ்ச்சொல் இதுவே. அலைவரிசையை ‘விற்பனை அலைவரிசை’ என்று சொல்லலாம். அங்காடி என்ற அழகிய சொல்லைச் சிலர் இங்கே கொண்டுவர விரும்புகிறார்கள். நாளங்காடி, அல்லங்காடி என்று பகற்கடைத்தெருவையும் இரவுக்கடைத்தெருவையும் பிரித்து வழங்கிய மொழிக்கு அந்த ஆசை இயல்பானதே. ஆனால் அங்காடி என்பது பல விற்பவர்களும் பல வாங்குபவர்களும் நேருக்கு நேர் நின்று, ஒரு கடையை விட்டு அடுத்த கடைக்கு நகரக்கூடிய இடம். ஒருவர் மட்டும் பேச மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ஒளிபரப்புக்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐரோப்பியச் சட்டமும் இதை விற்பவரின் பக்கமிருந்தே பார்க்கிறது என்பது குறிப்பிடத்தக்கது. 1989ஆம் ஆண்டின் தொலைக்காட்சி நெறியுரையில் 1997இல் செய்யப்பட்ட திருத்தம், டெலிஷாப்பிங் என்பதை, பணம் பெற்றுக்கொண்டு பொருள்களையோ சேவைகளையோ அசையாச் சொத்து, உரிமைகள், கடப்பாடுகள் ஆகியவற்றையோ வழங்கும் நோக்கத்துடன் பொதுமக்களுக்கு ஒளிபரப்பப்படும் நேரடி முன்மொழிவு என்று வரையறுத்தது. முன்மொழிபவர் விற்பவர்தான். பதிவு செய்யப்பட்டு, பிற அலைவரிசைகளில் நேரத்தை விலைக்கு வாங்கி ஒளிபரப்பப்படும் அரைமணி நேர விளம்பரங்கள் இதற்கு அண்டை வீட்டுக்காரர்கள். அவற்றை இன்ஃபோமெர்ஷியல் என்கிறார்கள். அவற்றுக்கு ‘நெடுவிளம்பரம்’ என்ற சொல் போதும்.

அடுத்தது, பேசுகிறவருக்கு என்ன பெயர் என்ற கேள்வி. தொகுப்பாளர் என்பவர் பல கூறுகளை ஒன்றாகத் தொகுத்து நிகழ்ச்சியாக்கித் தருபவர். பாட்டு, உரையாடல், போட்டி என்று வெவ்வேறு பகுதிகளை இணைத்து நடத்துகிறவருக்கு அந்தப் பெயர் பொருந்தும். விற்பனை அலைவரிசையில் பேசுகிறவர் எதைத் தொகுக்கிறார்? ஒரு கழுத்துச் சங்கிலி விற்கப்படும் பத்து நிமிடங்களை உற்றுப் பார்த்தால் இது விளங்கும். திரையின் ஓரத்தில் ஒரு விலை அடிக்கப்பட்டு, அதன் கீழே இன்றைய விலை நிற்கிறது. அதனடியில் மீதமுள்ள எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருகிறது. ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. அவர் சங்கிலியைப் புறங்கையின் மேல் படரவிட்டு, அது நழுவி விழும் விதத்தைக் காட்டுகிறார். கொக்கியைக் கேமராவுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து திறந்து, மூடி, மீண்டும் திறக்கிறார். அவர் காதில் ஒரு சிறு காதொலிப்பான் இருக்கிறது; கட்டுப்பாட்டறையில் இருப்பவர் விற்பனை எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொக்கியைக் காட்டியபோது அழைப்புகள் கூடினால், கொக்கியைத் திரும்பக் காட்டும்படி காதில் குரல் வருகிறது. அவரும் காட்டுகிறார், முதன்முறை காட்டுவது போன்ற அதே வியப்புடன். இது முழுமையான விற்பனைத் தொழில், அருமையான திறமை. அதைத் தொகுப்பு என்று சொல்வது அந்தத் திறமைக்கும் நீதி செய்யாது, பார்க்கிறவருக்கும் உண்மையைச் சொல்லாது.

இவருக்கு ஒரு பழந்தமிழ்ச் சொல் காத்திருக்கிறது. பகர்தல் என்பதற்குச் சொல்லுதல் என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும். விற்றல் என்பதும் அதன் பொருள் என்பது பலருக்குத் தெரியாது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்தின் தெருக்களைச் சொல்லும்போது, வண்ணமும் சுண்ணமும் சாந்தும் பூவும் விற்றுத் திரிபவர்கள் நிறைந்த தெருவை “பகர்வனர் திரிதரு நகர வீதி” என்கிறார் இளங்கோ. சொல்லிச் சொல்லி விற்கிறவர்களைக் குறிக்க ஒரே வினை போதுமானதாக இருந்திருக்கிறது. பேச்சே சரக்கை நகர்த்தும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. எனவே விற்பனை அலைவரிசையில் பேசுகிறவரைப் ‘பகர்நர்’ என்று அழைக்கலாம் என்பது என் பரிந்துரை. வழக்கில் இல்லாத சொல் என்று தயங்குகிறவர்கள், முதலில் ‘விற்பனைப் பேச்சாளர்’ என்று எழுதிப் பழகலாம். பேருந்தும் தொலைக்காட்சியும் ஒரு நாள் புதுச்சொற்களாகத்தான் இருந்தன.

இறுதியாக, நேயர்களின் மனநிலை. ஆங்கிலத்தில் இதற்கு ஆளும் சொல்லை அப்படியே பெயர்த்துக் களைப்பு என்கிறார்கள். களைப்பும் அலுப்பும் உழைத்த உடலுக்கு வருபவை. நாற்காலியில் அமர்ந்து பார்த்தவருக்கு அவை பொருந்தவில்லை. சலிப்பு, எதுவும் நிகழாதபோது வருவது. இந்த அலைவரிசைகளிலோ எந்நேரமும் ஏதோ நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. வெறுப்பு என்பதும் சரியில்லை. பார்ப்பதை நிறுத்திவிட்டவர்களில் பலர், பகர்நர்களின் பெயர்களை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தனிமையில் இருந்த நாள்களில் வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருந்ததே என்று நன்றியுடன் பேசுகிறவர்களும் உண்டு. இந்த நிலையைச் சொல்லத் தமிழில் ‘தெவிட்டுதல்’ இருக்கிறது. இனித்த ஒன்று, அளவு மிஞ்சியதாலேயே இனிக்காமல் போவது அது. “இதுவே கடைசி வாய்ப்பு” என்ற சொற்றொடர் முதல்முறை காதில் விழும்போது நெஞ்சு சற்றுத் துடிக்கிறது. அதே பொருளுக்கு அடுத்த வாரமும் கடைசி வாய்ப்பு வரும்போது துடிப்பு அடங்குகிறது. மூன்றாம் முறை காது அதைக் கேட்பதே இல்லை. கொக்கியைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்ன அந்தக் குரல், அன்றைய விற்பனையைக் கூட்டியது. ஆண்டுக்கணக்கில் அது சேர்ந்து தெவிட்டலாகத் திரண்டது.

தெவிட்டல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கம்பிவட இணைப்பை வைத்திருக்கும் வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. அலைவரிசைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போகும்போது தற்செயலாக ஒரு பகர்நரின் பேச்சில் சிக்கி நின்றுவிடும் பழக்கம், வேண்டியதைத் தேடி எடுத்துப் பார்க்கும் காலத்தில் மறைந்துவிட்டது. அதே பொருளின் விலையையும், வாங்கியவர்கள் எழுதிய குறைகளையும், பேச்சு முடிவதற்குள் கைப்பேசியில் பார்த்துவிட முடிகிறது. முன்னோடிகளான ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க்கும் க்யூவிசியும் 2017இன் இறுதியில் ஒன்றாயின; க்யூவிசியின் தாய் நிறுவனம் மற்றதை வாங்கியது. 2025இல் அந்தக் குழுமம், புளோரிடாவிலிருந்த பழைய நிறுவனத்தின் வளாகத்தை மூடி, பென்சில்வேனியாவிலுள்ள தன் இடத்துக்கு மாற்றும் முடிவை அறிவித்தது. முதல் திறப்பான் விற்ற ஊருக்கு அருகிலேயே வளர்ந்த தொழில் அங்கிருந்து கிளம்பிவிட்டது.

பகர்தல் மட்டும் நின்றுவிடவில்லை. 2016இல் சீனாவில் தாவ்பாவ் நிறுவனம் நேரலை வழியே விற்கும் தளத்தைத் தொடங்கிய பிறகு, அதே தொழில் கைப்பேசித் திரைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. அங்கே பார்க்கிறவர் குறுக்கிட்டுக் கேள்வி எழுதலாம், கொக்கியை மறுபடி காட்டச் சொல்லலாம், பிடிக்காவிட்டால் ஒரு விரலசைவில் வேறொருவரிடம் போய்விடலாம். இதை லைவ் காமர்ஸ் என்று எழுதாமல் ‘நேரலை விற்பனை’ என்று எழுதலாம். அங்கே பேசுகிறவரும் பகர்நரே. தொலைக்காட்சி விற்பனை என்ற பெயரை, கம்பிவடத்தின் வழியே ஒருவர் மட்டும் பேசிய அந்தப் பழைய வடிவத்துக்கு வைத்துக்கொள்வோம். கேட்ஸ்ஹெட் மூதாட்டி 1984இல் செய்ததற்கு மட்டும் ‘இருந்த இடத்திலிருந்து வாங்குதல்’ என்று எழுதுவதே முறை. அன்று அங்கே விற்கப் பேசியவர் யாரும் இல்லை.